வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து ராஜினாமா கடிதமாக மாறினால்?

கேள்வி: திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில 2012 ஜூன்ல செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேனுங்க. இடுப்பு வலி தாங்காம 2025 அக்டோபர்ல நின்னுட்டேன். கிராஜுட்டி கேட்டா, "நீ 2016-லயே எழுதிக் கொடுத்துட்டுப் போனவ, 2021 ஜூலையிலதான் மறுபடி சேர்ந்தே"ன்னு ராஜினாமா கடிதம், செட்டில்மெண்ட் வவுச்சர்னு ரெண்டு ஜெராக்ஸைக் காட்டறாங்க. கையெழுத்து என்னோடதுதான். சேரும்போதே வெள்ளைத் தாள்ல நாலு கையெழுத்து வாங்கி வெச்சுக்கிட்டாங்க. 2018-ல பிரசவத்துக்கு லீவு போட்டதைத் தவிர நான் நின்னதே இல்லீங்க. அதுக்கு இ.எஸ்.ஐ. பணம்கூட வந்துச்சு. பி.எஃப். 2021-ல இருந்துதான் பிடிச்சாங்க. இவங்களுக்குத் தண்டனை உண்டுங்களா?
— பெருமாநல்லூர் வாசகி

பதில்: உண்டு. கையெழுத்து உங்களுடையது என்பதற்காக அந்தத் தாள் நிஜமாகிவிடாது. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலையை ஒருவர் தன் ஏஜெண்டிடம் கொடுத்து, பத்தாயிரத்துக்குள் நிரப்பிக்கொள்ளச் சொல்கிறார். அவன் இருபதாயிரம் என்று நிரப்பினால் அது ஃபோர்ஜரி, அதாவது பொய் ஆவணம் தயாரித்த குற்றம். இது தண்டனைச் சட்டத்திலேயே இருக்கும் உதாரணம். உங்கள் வெள்ளைத் தாளுக்கும் அதே கதைதான்.

அவர்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். 2012 ஜூன் முதல் 2016 மே வரை நான்கு ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு. 2021 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை நான்கேகால் ஆண்டு. இரண்டு துண்டிலும் கிராஜுட்டிக்குத் தேவையான ஐந்து ஆண்டு நிறையவில்லை, ஆகவே கிராஜுட்டி பூஜ்யம். தொடர்ந்து வேலை பார்த்ததாகக் கணக்கிட்டால் 13 ஆண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க ஆண்டுக்கு 7,500. மொத்தம் 97,500 ரூபாய். தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தனி வட்டியும் கேட்கலாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய பிரசவப் பணம்தான் இந்த வழக்கின் முதுகெலும்பு. கம்பெனி உங்கள் பெயரில் சந்தா கட்டியிருந்தால்தான் இ.எஸ்.ஐ. அந்தப் பணத்தைத் தந்திருக்கும். 2016-ல் போனவருக்கு 2018-ல் எதற்குச் சந்தா கட்டினார்கள்? இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உங்கள் சந்தா விவரத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். பணம் வரவான வங்கிப் பாஸ்புக் பக்கத்தையும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய வவுச்சர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி 14.5.2016. மேலே கம்பெனி பெயருக்குக் கீழே, 33-ல் தொடங்கும் பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருக்கிறது. ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1-ல்! பொய் எழுதியவர் புது லெட்டர்ஹெட்டை எடுத்துவிட்டார். இதை அவர்களிடம் இப்போது வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தாள் அதிகாரி முன் தாக்கலாகட்டும்.

தண்டனைக்கு வருவோம். ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் உருவாக்கினால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 336(3)-ன்படி 7 ஆண்டு வரை சிறை, அபராதம். தெரிந்தே அதை நிஜம் என்று காட்டினாலும் 340(2)-ன்படி அதே தண்டனை. பேனா பிடித்தது ஹெச்.ஆர். கிளார்க், எனக்குத் தெரியாது என்று ஓனர் கைகழுவ முடியாது. தெரிந்தே காட்டினார் என்று நிரூபித்தால் போதும். 2016 தேதியைச் சொல்லிப் பழைய தண்டனைச் சட்டத்துக்கு ஓடினால் அங்கே 468, 471 பிரிவுகள், தண்டனையும் அதேதான். கிராஜுட்டி கொடுக்காமல் தப்பப் பொய் சொன்னால், நீங்கள் நின்ற நாளில் அமலில் இருந்த 1972-ம் ஆண்டு கிராஜுட்டிச் சட்டம் பிரிவு 9-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இந்தப் பிரிவில் நீங்களே நேராக வழக்குப் போட முடியாது. அரசின் அனுமதி பெற்றவர்தான் புகார் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் ஸ்டேஷன் படி ஏறாதீர்கள். "இது லேபர் கேஸ், அங்க போங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பெனிக்கு, கிராஜுட்டி கேட்கும் படிவம் 'ஐ'-யைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் 90 நாளுக்குள் தொழிலாளர் உதவி ஆணையரிடம் படிவம் 'என்'-ல் மனு கொடுங்கள். அங்கே ஒரிஜினல்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கேளுங்கள். கம்பெனி தாக்கல் செய்த அந்தத் தாளின் சான்று நகலோடு பிறகு போலீசுக்குப் போனால் தட்டிக்கழிப்பது கடினம். 2012 முதல் 2021 வரை பி.எஃப். பிடிக்காததற்கு பி.எஃப். அலுவலகத்தில் 7ஏ விசாரணை (கம்பெனி கட்டாமல் விட்ட பாக்கியைக் கணக்கிடும் விசாரணை) கேட்டுத் தனி மனு கொடுங்கள். வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும்.

நடுவில் மேனேஜர் வீட்டுக்கு வந்து, "இருபதாயிரம் வாங்கிக்கிட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார். காபி கொடுத்து அனுப்புங்கள். பேனாவை மட்டும் தொடாதீர்கள்.