டெங்கு போய் இரண்டு மாதம், மறதி போகவில்லை: மூளை ஸ்கேன் எடுக்கணுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். இருபத்திரண்டு வயது மகளுக்கு இரண்டு மாதம் முன்பு டெங்கு. காய்ச்சல் விட்டு, தட்டணுக்களும் ஏறிவிட்டன. ஆனால் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் துவண்டுவிடுகிறாள், படித்தது மனதில் நிற்பதில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. "வைரஸ் தலைக்கு ஏறிவிட்டது, மூளையில் இருக்கிற செல்லே மூளையைத் தின்கிறது, வேலூரில் ஸ்கேன் எடுத்து ஊசி கோர்ஸ் போட்டால் சரியாகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அவரே கூட்டிப் போகிறாராம். போகலாமா டாக்டர்?"

அவரோடு போகாதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் சொல்லும் செல்கள் இருப்பது உண்மைதான். மைக்ரோக்ளியா என்று பெயர், 1919-லேயே ஸ்பெயினைச் சேர்ந்த ரியோ ஒர்த்தேகா தனியாக அடையாளம் காட்டியவை. மூளையின் காவலும் துப்புரவும் இவற்றின் பொறுப்பு. செத்த செல்லையும் வேண்டாத நரம்பு இணைப்பையும் விழுங்கி அப்புறப்படுத்தும். மகள் உங்கள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே நடக்கிற இந்த வேலையைத்தான் "தின்கிறது" என்று சொல்லி உங்களை மிரட்டியிருக்கிறார்கள்.

வைரஸ் மூளைக்குள் போகாமலேயே இந்தச் சோர்வு வரும். உடம்பு வைரஸோடு மல்லுக்கட்டும்போது ரத்தத்தில் கலக்கிற ரசாயனங்களின் தகவல் மூளைக்கும் எட்டுகிறது, மைக்ரோக்ளியா விழித்துக்கொண்டு தானும் அதே மாதிரிப் பொருட்களைச் சுரக்கிறது, அதனால்தான் காய்ச்சலில் பசி போய், படுத்தே கிடக்கத் தோன்றி, கவனமும் சிதறுகிறது. காய்ச்சல் விட்டதும் மெல்ல அடங்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத் தூக்கக் குறைவும் தேர்வுப் பயமும் சேர்ந்தால் அடங்குவது தள்ளிப்போகும். நாள்கணக்காக மன அழுத்தத்தில் வைத்த எலிகளின் மைக்ரோக்ளியா சின்னத் தொந்தரவுக்கே பெரிதாகக் கொதிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். திருடனைப் பார்த்த தெருநாய் அடுத்த சில நாள் பால்காரரைப் பார்த்தும் குரைக்குமே, அப்படி.

சரி, அந்தத் தெரிந்தவர் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களில் இவர்களை நிறையப் பார்க்கலாம். ஸ்கேனுக்கு ஒரு கமிஷன், ஊசிக்கு ஒரு கமிஷன். சாதாரண எம்ஆர்ஐயில் மைக்ரோக்ளியா என்ன செய்கிறது என்பது தெரியவே தெரியாது. சில ஆயிரம் செலவழித்து நார்மல் என்று ரிப்போர்ட் வாங்குவீர்கள், நார்மல் வந்தாலும் ஊசி உண்டு என்பார்கள். மருந்தை சிரிஞ்சில் ஏற்றியே கொண்டு வருவார்கள், சீட்டில் பெயர் இருக்காது. சிவப்பாக இருந்தால் அநேகமாக பி12. நிறமில்லாமல் இருந்து, மறுநாளே பெண் எழுந்து உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டாள் என்றால் டெக்ஸாவோ (டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு) என்று சந்தேகப்படுங்கள். அது ஸ்டீராய்டு தரும் தெம்பு, இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும், அப்புறம் அடுத்த ஊசி. இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி குறையும், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. யார் ஊசி போட்டாலும் மருந்துக் குப்பியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லிப் பெயரைப் படியுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

டெக்ஸா, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து, ஆனாலும் கேட்டால் கொடுக்கிற மெடிக்கல் ஷாப்புகள் இருக்கின்றன. எங்கள் தரப்பிலும் தப்பு இருக்கிறது. காலையிலிருந்து ஓபி வரிசையில் நின்றவருக்கு இரண்டு நிமிடம், "எல்லாம் நார்மல், போங்க" என்று ஒரு வரி. நார்மல் என்றால் ஏன் படிக்க முடியவில்லை என்று விளக்க யாருக்கும் நேரமில்லை. அந்த இடத்தில்தான் புரோக்கர் வந்து உட்காருகிறார்.

ஒரே ஒரு நிலைமையில் நான் சொன்னது அத்தனையும் செல்லாது. காய்ச்சலோடு உளறல், ஆள் அடையாளம் தெரியாமல் போவது, வலிப்பு, விடாத வாந்தியோடு கழுத்து விறைப்பு, திடீரென்று நடத்தை மாறுவது, இதில் எது இருந்தாலும் அது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே 1955-ல் நம் வேலூர்ப் பக்கத்தில்தான். நெல் வயல் தண்ணீரில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கிடமிருந்தும் கொண்டு வருகிற வைரஸ் அது. ஹெர்பிஸ் வைரஸும் மூளையைத் தாக்கும். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். காய்ச்சலில் பெண் சம்பந்தமில்லாமல் பேசினால் காத்து கருப்பு என்று தாயத்து கட்டி ஒரு ராத்திரியை வீணாக்குகிறார்கள், அந்த ராத்திரியில்தான் மூளை போகிறது. அங்கே ஸ்கேனும் வேண்டும், முதுகுத் தண்டு நீரும் எடுக்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரைமயக்கத்தில் கிடக்கும் பிள்ளையை அசந்து தூங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள், எழுப்பிப் பேசிப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதில் இப்படி எதுவும் இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மட்டும் குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பார்த்துவிடுங்கள், ரத்தசோகையும் இதே மாதிரிதான் சோர்வு காட்டும். பத்து மணிக்கு விளக்கை அணைத்து, போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி படிப்பு, பத்து நிமிடம் நடை, மறுபடி அரை மணி. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கொஞ்ச தூரம் நடக்கட்டும். இன்னும் ஒரு மாதத்தில் தேறவில்லை என்றால், அல்லது எதிலுமே பிடிப்பில்லாமல் அழுதுகொண்டிருந்தால், பொது மருத்துவரிடம் காட்டுங்கள். தேர்வை எழுதட்டும், தடுக்க வேண்டாம். மூளையை எதுவும் தின்னவில்லை என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள், அந்தப் பயத்திலேயே பாதித் தூக்கம் போயிருக்கும்.