லாக்கை க்யூவில் அனுப்பலாமா? கேளுங்கள், சொல்கிறேன்

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணே, எங்கள் பில்லிங் புரோகிராம் லாக்கை (நடந்ததை வரி வரியாக எழுதும் பதிவை) நேராக ராபிட்எம்க்யூவுக்கு (செய்திகளை வாங்கி க்யூவில், அதாவது வரிசையில், வைத்துத் தரும் சர்வருக்கு) அனுப்புகிறது. சில நாள் புரோகிராமே அப்படியே நின்றுவிடுகிறது.

தம்பி, லாக்கை எடுத்துப் படிக்கிற பக்கம் படுத்திருக்கும், பாருங்கள். செய்திகள் தேங்கி மெமரி வரம்பைத் தொட்டதும் ராபிட், அனுப்புகிறவர்களைப் பிடித்து நிறுத்திவிடும், அதன் சுபாவமே அது. பில் போடுகிற த்ரெட்டே (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) லாக்கையும் அனுப்பினால் பில்லும் நிற்கும், கவுன்டரில் சண்டை வரும். பைத்தான் மொழியில் 3.2-லிருந்தே இதற்கென்று க்யூஹேண்ட்லர், க்யூலிசனர் உண்டு: பில் த்ரெட் மெமரி க்யூவில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும், அனுப்புகிற வேலை இன்னொரு த்ரெட்டுக்கு. அளவு வைத்த க்யூ நிரம்பினால் க்யூஹேண்ட்லர் காத்திருக்காது, அந்த லாக் வரியை விட்டுவிடும். எரர் வரியும் போகலாம், அதனால்தான் முதலில் லோக்கல் டிஸ்க்கில் எழுதுங்கள் என்கிறேன்.

மஞ்சக்குப்பம்: காஃப்காவா (இதுவும் செய்திகளை வாங்கி வைக்கும் சர்வர்தான்), ராபிட்டா?

எடுத்ததும் காலியாகட்டும் என்றால் ராபிட். அதே லாக்கைப் பலரும் மறுபடி படிக்க வேண்டும் என்றால் காஃப்கா; அமைப்பை மாற்றாவிட்டால் 7 நாள் வைத்திருக்கும்.

வில்லியனூர்: காஃப்கா நல்லதா, ராபிட் நல்லதா?

மேலே பாருங்கள்.

நெல்லிக்குப்பம்: நாலு சர்வருக்கு க்யூ எதற்கு? லாக்கை இன்னொரு சர்வருக்கு அனுப்பும் ஆர்சிஸ்லாக் போதாதா?

போதும் சார், நானும் அதைத்தான் வைப்பேன். யுடிபி 514 (சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை, 514 போர்ட் எண்) மட்டும் வேண்டாம், தொலைந்தது யாருக்கும் தெரியாது. டிசிபி (இணைப்பு வைத்து அனுப்பும் முறை) வையுங்கள், கூடவே டிஸ்க் க்யூவும் (அனுப்ப முடியாததை டிஸ்க்கில் தேக்கி வைப்பது).

மறுபடி அவரே: டிசிபியிலும் தொலையுமே?

தொலையும். இணைப்பு அறுந்தால் பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் இடத்தில்) இருந்தது போச்சு. ரெல்ப் என்ற அனுப்பும் முறை வந்ததே அதற்குத்தான், வாங்கியவர் ஒப்புகை தந்தால்தான் அனுப்பியவர் விடுவார்.

செம்மண்டலத்திலிருந்து ஒருவர் குறுக்கே: ஒப்புகையே வழியில் தொலைந்தால்?

அதே வரி இரண்டு தடவை வரும். நெல்லிக்குப்பம் சார் 'இரண்டு வந்தால் கணக்கு கெடும்' என்கிறார், செம்மண்டலத்துக்காரர் 'ஒன்றுமே வராததற்கு அது மேல்' என்கிறார். நான் செம்மண்டலம் கட்சி. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மாதிரி ஒரு ராத்திரியில் நெட் போய்ப் போய் வரும், அப்போது இரட்டை வராமல் இருக்காது. வரி பிறக்கும்போதே ஒரு ஐடி கொடுங்கள், சேமிக்கிற இடத்தில் வடிகட்டலாம்.

திருப்பாதிரிப்புலியூர்: லாக்4ஜேயில் (ஜாவா புரோகிராம்கள் லாக் எழுதும் கருவி) காஃப்கா அப்பெண்டர் (லாக்கைக் காஃப்காவுக்கு அனுப்பும் பகுதி) போட்டதும் லாக் தானாகப் பெருகுகிறது.

டீபக் லெவலில் (சின்ன விவரத்தையும் எழுதும் நிலையில்) காஃப்கா கிளையன்ட்டின் (காஃப்காவோடு பேசும் பகுதியின்) சொந்த லாக்கும் அதே வழியில் போகிறது, அதை அனுப்பினால் இன்னொரு லாக். கிளையன்ட்டின் லாகரை மட்டும் ஃபைலுக்குத் திருப்புங்கள்.

முத்தியால்பேட்டை: ப்ரோக்கர் (ராபிட், காஃப்கா மாதிரி நடுவில் நிற்கும் சர்வர்) விழுந்தால் லாக் என்ன ஆகும்?

லோக்கல் டிஸ்க், அம்மா. லோக்கல் டிஸ்க்.

நெல்லித்தோப்பு: கார்டு நம்பர் லாக்கில் வருகிறது. க்யூவில் வைத்து மறைக்கலாமா?

புரோகிராமை விட்டு வெளியே வருமுன் மறையுங்கள், லோக்கல் ஃபைலுக்கும் சேர்த்துத்தான். க்யூவில் ஏறிய பிறகு எங்கெங்கே நகல் கிடக்கிறது என்று தேடி மாளாது.