கொட்டாவியும் தராசும் – கடிதம்

அன்புள்ள ஐயா,
என் மகள் நீட் பயிற்சிக்குப் போகிறாள். இரவு எட்டு மணி நேரம் தூங்குகிறாள். ஆனாலும் மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் கொட்டாவிமேல் கொட்டாவி விடுகிறாளாம். அலட்சியம் என்று பயிற்சி மையத்தில் புகார். நானும் கண்டித்துவிட்டேன். மூளைக்கு ஆக்ஸிஜன் போதவில்லையா? மூச்சுப்பயிற்சி பலன் தருமா?
– ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

மூச்சுப்பயிற்சி நல்லதுதான், செய்யட்டும். ஆக்ஸிஜன் கதை 1987லேயே முடிந்துவிட்டது. ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாணவர்களுக்குத் தூய ஆக்ஸிஜன் கொடுத்துப் பார்த்தார், கொட்டாவி குறையவில்லை. கரியமில வாயுவைக் கூட்டினார், மூச்சுதான் வேகமானது.

உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது ‘கண்டித்துவிட்டேன்’ என்ற சொல்.

அம்மா சேலம் பனங்காட்டில் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்தாள். வெள்ளியை எடைபோட்டுத்தான் தருவார்கள். வேலை முடித்து செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோனால் மறுபடி எடை. சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பு. கொலுசு தராசில் ஏறியதும் அம்மாவுக்குக் கொட்டாவி தொடங்கிவிடும். ஐந்து, ஆறு, கண்ணில் நீர் முட்டும்வரை. “ராத்திரி தூங்கலையா? வேலையில கவனம் இருந்தாத்தானே” என்பார் முதலாளி, எல்லார் முன்னாலும். நாள் முழுக்கப் பட்டறையில் குனிந்திருந்தவள் அங்கே ஒருமுறைகூடக் கொட்டாவி விட்டதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. “வாயை மூடும்மா” என்று அவள் கையை இழுத்தேன்.

அது பயம், நண்பரே. பயம் வந்தால் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஹெச் ஹார்மோனை விடுகிறது, அது அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக் கார்டிசோல் என்ற பதற்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. அதே ஏசிடிஹெச்சை விலங்குகளின் மூளைக்குள் செலுத்தினால் அவை சோம்பல் முறித்துக் கொட்டாவி விடுகின்றன. போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தின் சைமன் தாம்சன் 2011ல் கொட்டாவியைக் கார்டிசோலோடு இணைத்தார். உமிழ்நீரை அளந்தபோது கொட்டாவி விட்டவர்களிடம் கார்டிசோல் ஏறியிருந்தது. கருதுகோள்தான், முடிந்த முடிவல்ல. ஆனால் விமானத்திலிருந்து குதிக்கப்போகும் பாராசூட் வீரர்களும் கொட்டாவி விடுகிறார்கள். அவர்களுக்கு என்ன தூக்கமா? அலட்சியமா? விழித்திருக்க உடம்பு படும் பாட்டைச் சோம்பல் என்று பெயர் வைத்து, பிள்ளையை அதற்கும் சேர்த்துப் பயமுறுத்தியிருக்கிறீர்கள். பெற்றவர் முதலில் கேட்டிருக்க வேண்டாமா, வீட்டில் அதே வினாத்தாளை எழுதும்போது கொட்டாவி வருகிறதா என்று?

இன்று இரவே கேளுங்கள். பயிற்சி மையத்துக்கும் போய்ப் பேசுங்கள். அவளை உடன் அழைத்துப் போகாதீர்கள். இன்னொரு முறை எல்லார் முன்னாலும் வேண்டாம்.