கொலைகாரன் காபி குடிக்கும் படங்கள்: கேள்வி பதில்

கே: அண்ணே, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஒருத்தன் கட்டிலில் படுத்து சிகரெட் பிடிக்கிறான், நாம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இதற்கு எதற்கு ஒரு படம்?

ப: 'லெ சாமுராய்' பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ழான் பியேர் மெல்வில் 1967இல் எடுத்த பிரெஞ்சுப் படம், அலென் தெலோன் கூலிக்குக் கொல்பவர். ஒருமுறை மொட்டைமாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி நண்பர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். ஏழாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து போய் ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் வசனம் வருவதற்கே ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தொப்பியின் விளிம்பை விரலால் நீவிச் சரிசெய்கிறான். தெருவில் நிற்கும் யாரோ ஒருவரின் சிட்ரோயன் காரில் ஏறி உட்கார்கிறான். ஒரு பெரிய சாவிக்கொத்தைப் பக்கத்து சீட்டில் வைத்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறான். அவசரமே இல்லை. நமக்குத்தான் அவசரம். மூன்றாவது சாவியில் நம் கழுத்து நரம்பு இழுக்க ஆரம்பித்துவிடும்.

பிறகு இரண்டு போலீஸ்காரர்கள் அவன் இல்லாத நேரத்தில் அவன் அறைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்க வருகிறார்கள். அவர்களிடமும் அதே மாதிரி ஒரு சாவிக்கொத்து! அவர்களும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். திருடனுக்கும் போலீசுக்கும் தொழில்முறை ஒன்றுதான் என்பதை மெல்வில் ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிடுகிறார். முதல் சாவிக் காட்சியைக் கொட்டாவி விட்டுக் கடந்தவருக்கு இது வெறும் பூட்டுத் திறப்பு.

கே: அப்படியானால் மெதுவாகப் போனாலே நல்ல படமா? எனக்கு இது மேதாவித்தனமாகப் படுகிறது.

ப: இல்லவே இல்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: திரையில் இருப்பவனுக்கு வேலை இருக்கிறதா? கைகள் எதையாவது செய்துகொண்டிருந்தால், அதில் தப்பு நேர வாய்ப்பிருந்தால், எவ்வளவு மெதுவானாலும் உட்கார்ந்துவிடுவேன். வேலையே இல்லாமல் கோட்டு போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தால் அது வெறும் தோரணை.

ஜிம் ஜார்முஷின் 'தி லிமிட்ஸ் ஆஃப் கன்ட்ரோல்' (2009) எனக்கு அந்த இரண்டாவது வகை. நாயகன் ஸ்பெயினில் ஊர் ஊராகப் போகிறான், ஒவ்வொரு கடையிலும் இரண்டு எஸ்பிரெஸோ, தனித்தனிக் கோப்பையில் கேட்கிறான், தீப்பெட்டி மாற்றிக்கொள்கிறான். முதல் இரண்டு தடவை சிரிப்பு வந்தது. கடைசியில் பலத்த காவல் உள்ள கட்டடத்துக்குள் எப்படி நுழைந்தான் என்று கேட்டால், கற்பனையைப் பயன்படுத்தினேன் என்கிறான். இவ்வளவு நேரம் உட்கார வைத்துவிட்டு இதையா சொல்வது? இதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். ஒளிப்பதிவு அழகு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கே: சார், ஜார்ஜ் க்ளூனி நடித்த 'தி அமெரிக்கன்' ட்ரெய்லரில் துப்பாக்கி, துரத்தல் எல்லாம் இருந்தது. படத்தில் மனிதர் உட்கார்ந்து இரும்பை ராவிக்கொண்டிருக்கிறார். ஏமாற்று வேலை இல்லையா?

ப: ட்ரெய்லரைப் பற்றி உங்கள் கோபம் நியாயமானது. 2010 செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான வார இறுதியில் வசூலில் முதலிடம். அதே படத்துக்கு, தியேட்டரை விட்டு வரும் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோரில் கிடைத்தது 'டி மைனஸ்', கிட்டத்தட்ட அடிமட்ட மதிப்பெண். க்ளூனி முகத்துக்காகவும் துப்பாக்கிக்காகவும் வந்த கூட்டம், இத்தாலியின் அப்ருட்சோ மலைக் கிராமத்தில் தனியாக நடக்கும் ஒரு மனிதனைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பிரியாணி என்று போர்டு போட்டுவிட்டு மோர்சாதம் பரிமாறினால், மோர்சாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இலையை மூடத்தான் செய்வார்கள்.

ஆனால் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். (இந்தப் பத்தியில் தொடக்கக் காட்சியைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் தாண்டிவிடலாம்.) ஸ்வீடனில் பனிக்காட்டில் நாயகன் ஒரு பெண்ணோடு இருக்கிறான். தாக்க வந்தவனைச் சுடுகிறான். அடுத்த நொடி, தன் ரகசியம் தெரிந்துவிட்டது என்பதற்காக அந்தப் பெண்ணையும் பின்னாலிருந்து சுட்டுவிடுகிறான். இதைக் காட்டியபிறகு இயக்குநர் ஆன்டன் கோர்பைன் எதையும் வேகப்படுத்த வேண்டியதில்லை. இத்தாலியில் அவன் கிளாரா என்ற பெண்ணோடு ஆற்றங்கரைக்குப் போகும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவள் முதுகைத் திருப்பினாலே பயம். முதலில் பார்த்தபோது நானும் பாதியில் தூங்கிவிட்டேன், மறைக்கவில்லை. இரண்டாம் முறைதான் இது பிடிபட்டது.

கே: முடிவு தெரிந்த கதையை மெதுவாகச் சொன்னால் யார் பார்ப்பார்கள்?

ப: ஃப்ரெட் ஜின்னமன் 1973இல் எடுத்த 'தி டே ஆஃப் தி ஜக்கால்' பாருங்கள். பிரெஞ்சு அதிபர் தெகோலைக் கொல்ல ஜக்கால் என்ற கூலிக் கொலைகாரன் போடும் திட்டம். தெகோல் 1970இல் வீட்டில் இயற்கையாக இறந்தவர் என்பது படம் பார்க்க வந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, பின்னணி இசையும் அதிகமில்லை. ஆனாலும் நகர முடியாது. எப்போதோ இறந்துபோன குழந்தையின் பெயரில் பாஸ்போர்ட் வாங்குகிறான், கழற்றி மறைக்கக்கூடிய துப்பாக்கியைச் செய்யச் சொல்கிறான், மரத்தில் தர்பூசணியைக் கட்டித் தொங்கவிட்டுக் குறி பார்க்கிறான். தோற்கப்போகிறவன் என்று தெரிந்தும், அவன் திட்டம் பலிக்க வேண்டுமே என்று மனசுக்குள் ஒரு எண்ணம் வரும் பாருங்கள், அதற்காகவே பார்க்கலாம்.

கே: இயக்குநர் டேவிட் ஃபின்ச்சரின் 'தி கில்லர்' எனக்குப் பிடித்தது. ஆனால் அதில் அவன் பேசிக்கொண்டே இருக்கிறானே, அதுவும் இந்த வகைதானா?

ப: இந்த வகையைக் கிண்டல் செய்யும் படம் என்பேன். 2023, நெட்ஃபிளிக்ஸ். வாய் பேசுவதில்லை, மனசு ஓயாமல் பேசுகிறது. பாரிஸில் காலி அலுவலகத்தில் நாட்கணக்காகக் காத்திருக்கிறான், யோகா செய்கிறான், நாடித்துடிப்பு 60க்குக் கீழே இறங்கட்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான், ஒழுக்க விதிகளை நமக்குப் பாடம் எடுக்கிறான். அப்புறம் சுடுகிறான். குறி தப்பிவிடுகிறது! தெலோன் மாதிரி இருக்க ஆசைப்படும் ஒரு குமாஸ்தா என்று அவனைப் பார்த்தால் படம் இன்னும் சுவைக்கும்.

கே: 'லெ சாமுராய்' தொடக்கத்தில் புஷிடோ, அதாவது சாமுராய் வீரர்களின் ஒழுக்க நெறி, அந்த நூலிலிருந்து என்று ஒரு மேற்கோள் வருகிறதே, மூல நூல் எங்கே கிடைக்கும்?

ப: எங்கும் கிடைக்காது. மெல்வில் தானே எழுதிப் போட்டுக்கொண்டது.

கே: அக்காளும் நானும் சேர்ந்து பார்க்கப்போகிறோம், எதில் தொடங்கலாம்? அவளுக்குப் பொறுமை கம்மி.

ப: ஜக்கால் முதலில். பிடித்தால் மெல்வில். க்ளூனி படத்தை ஒரு மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போனைப் பக்கத்து அறையில் போட்டுவிடுங்கள். இவற்றில் வசனத்தைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்க முடியாது, பல இடங்களில் கேட்க வசனமே இருக்காது. அரை மணி நேரத்தில் அக்கா நெளிந்தால் நிறுத்திவிடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்.

கே: எனக்குத் தெலோனைவிட அவர் அறையில் கூண்டில் இருக்கும் பறவைமேல்தான் கவலை. அதற்கு என்ன ஆகிறது?

ப: வீட்டுக்குள் யாரோ வந்துபோனதை அந்தப் பறவையின் பதற்றத்தை வைத்துத்தான் அவன் கண்டுபிடிக்கிறான், நீங்கள் கவனித்திருப்பீர்கள். கடைசியாக அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகு அதற்கு யார் தீனி போட்டார்கள் என்று படம் சொல்வதில்லை. வெளியே நடந்தது வேறு கதை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1967இல் பாரிஸில் மெல்விலின் சொந்த ஸ்டூடியோ தீப்பிடித்து எரிந்தது. மனிதர்கள் தப்பினார்கள், அந்தப் பறவை தப்பவில்லை என்று சொல்வார்கள்.