பழைய ராலே ஸ்போர்ட்ஸ் சைக்கிளின் ஃபிரேமுக்கு வேறு ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) தேடும்போது எதையெல்லாம் அளக்க வேண்டும்?

முதலில், ஃபோர்க்கிலிருந்து ஃபிரேமுக்குள் போகும் ஸ்டீரர் குழாயின் மரை. குழாய் ஒரு அங்குலம் உள்ள வழக்கமான ஃபோர்க்கில் அங்குலத்துக்கு 24 மரை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த ராலேயில் 26. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பழைய லாக்நட்டை (உச்சியில் இறுக்கும் நட்டு) 24 மரையில் ஏற்றினால் ஓரிரு சுற்று லேசாகப் போய் இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஸ்பானரால் திருகினால் இரண்டு மரையும் போய்விடும். 24 மரை ஃபோர்க்தான் கிடைத்ததென்றால் மேல் கோனையும் (பேரிங் குண்டுகள் உருளும் வளையம்) லாக்நட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

ஸ்டீரர் குழாய் நீளமாக இருந்தால் வெட்டலாம், ஆனால் வெட்டிய பின்னும் மேல் கோன் உட்காரும் இடம்வரை மரை இருக்க வேண்டும். குட்டையானதை வாங்கவே வாங்காதீர்கள். கீழ்க் கோன் உட்காரும் இருக்கையின் விட்டம் 26.4 அல்லது 27 மி.மீ. வரும், வெர்னியரால் அளந்து பாருங்கள்.

700சி (பெரிய சக்கரத்துக்கான) ஃபோர்க் வேண்டாம். ராலேயின் 590 மி.மீ. ரிம் 700சி ரிம்மைவிட 16 மி.மீ. ஆரம் குறைவு, பிரேக் கட்டை எட்டாது. அதே மாடலின் உடைந்த சைக்கிள் கிடைத்தால் அதன் ஃபோர்க்கே சிறந்தது.