'மக்கும் பை' எட்டு மாதமாகியும் மக்கவில்லையே, ஏன்?

கேள்வி: பாலித்தீன் பையை விட்டுவிட வேண்டும் என்று, '100 சதவீதம் மக்கும்' என அச்சிட்ட பைகளை ஒரு கட்டு வாங்கினேன். சோதித்துப் பார்க்க ஒன்றைப் பூந்தொட்டியில் புதைத்தேன். எட்டு மாதம் கழித்துத் தோண்டினால் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஏமாந்துவிட்டேனா? மீதிப் பைகளை என்ன செய்வது?

பதில்: நீங்கள் புதைத்துப் பார்த்ததே நல்ல காரியம். பெரும்பாலானோர் அச்சிட்டதை நம்பி அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஏமாந்தீர்களா என்பது அந்தப் பை எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது.

'மக்கும்' என்ற பெயரில் விற்பதில் ஒரு வகை, சாதாரண பாலித்தீனேதான். கோபால்ட், மாங்கனீசு, இரும்பு போன்றவற்றின் உப்பைத் துளி சேர்த்திருப்பார்கள். வெயிலும் சூடும் பட்டால் சீக்கிரம் நொறுங்கும். நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. முழுப் பையாகக் கிடந்தால் பொறுக்கி எடுக்கலாம்; துகளாகி மண்ணில் கலந்துவிட்டால் யார் பொறுக்குவது? 'ஆக்ஸோ' எனப்படும் இந்த வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் தடை செய்துவிட்டது. தொட்டி மண்ணுக்குள் வெயிலும் படாது என்பதால் உங்கள் பை இந்த வகையாக இருந்தால் நொறுங்கக்கூட வாய்ப்பில்லை.

இன்னொரு வகை, மாவுச்சத்தும் அதனோடு சேரும் சில பாலிமர்களும் கொண்ட உரமாகும் பை. இதை நுண்ணுயிர்கள் உண்மையாகவே தின்னும். ஆனால் இதற்கான வழக்கமான சோதனை நடப்பது 58 டிகிரி செல்சியஸ் சூட்டில், பெரிய உரக்கிடங்கின் நிலையில். பூந்தொட்டிக்கு அந்தச் சூடு ஏது? பிரிட்டனில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தினர் இப்படிப் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் போட்டு வைத்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். உரமாகும் பை கடலில் மூன்றே மாதத்தில் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது. 'மக்கும்' என்று விற்ற மற்றொரு பை, மூன்று ஆண்டு புதைந்து கிடந்த பிறகும் கடைச் சாமான் சுமக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். வீட்டு உரத்தொட்டியிலேயே மக்கும் என்று தனியாகச் சான்று பெற்ற பைகளும் உண்டு. இவற்றை 20 முதல் 30 டிகிரி வரையிலான சாதாரணச் சூட்டில் சோதிக்கிறார்கள்; ஓராண்டுக்குள் மக்கிவிட வேண்டும் என்பது கணக்கு. 'உரமாகும்' என்று மட்டும் இருந்தால் அது இந்த வகை அல்ல. 'வீட்டில் உரமாகும்' என்று இருக்க வேண்டும், பக்கத்தில் சான்று எண்ணும் இருக்க வேண்டும். எண் இருந்தாலும் போதாது, சான்று தந்த அமைப்பின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் பெயர் பையைத் தயாரித்தவரின் பெயராக இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினாலும் காய்ந்த மண்ணில் மக்காது. ஈரம் வேண்டும், காய்கறிக் கழிவு போல் நுண்ணுயிர் பெருகும் பொருளும் கூடவே வேண்டும்.

பெயரைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தயாரிப்பாளருக்கும் கடைக்கும் நடுவில் நிற்கும் தரகர்கள் யாரோ ஒருவருடைய சான்றிதழை நகலெடுத்து, ஊர்பேர் தெரியாத பைக்கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். என்னிடம் சோதனைக்கு வந்த கட்டுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கடைக்காரரும் பாவம், நம்பித்தான் விற்கிறார். எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று எழுதாமல் 'மக்கும்' என்று மட்டும் அச்சிடுவதைக் கறாராகத் தடுக்க வேண்டும். பை எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்ற கணக்கு மட்டும் போதாது. கலிஃபோர்னியாவில் 2014-ல் மெல்லிய பையைத் தடுக்கச் சட்டம் போட்டுவிட்டு, தடித்த பையை 'மறுபடி பயன்படும்' என்று அனுமதித்தார்கள். மக்கள் அதையும் ஒரு தடவையில் தூக்கி எறிந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கச் சட்டம் வர 2024 ஆகிவிட்டது!

துணி போலவே தோன்றும், நெய்யாத பையிலும் கவனம் வேண்டும். அது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்தான். உற்றுப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமான நூலோட்டம் இருக்காது. வரிசையாகப் புள்ளி அழுத்தியது போல் தெரியும். உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் கிழியும்வரை பயன்படுத்துங்கள். அதற்குப் பதிலாகப் பருத்திப் பையை வாங்கிக் குவிக்க வேண்டாம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் போட்ட கணக்குப்படி, ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பாலித்தீன் பையின் காலநிலைப் பாதிப்புக்கு ஈடுகட்டவே ஒரு பருத்திப் பையை 131 தடவை கொண்டுபோக வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய துணியில் தைத்த பைக்கு இந்தக் கவலை இல்லை.

இனி மீதிக் கட்டு. தொட்டியில் உள்ளதை எடுத்துவிடுங்கள், மேலும் புதைக்க வேண்டாம். மறுசுழற்சிக்கான பிளாஸ்டிக்கோடும் போடாதீர்கள். ஆக்ஸோ பை, உரமாகும் பை இரண்டுமே அந்தக் குவியலைக் கெடுக்கும். சான்று எண் சரிபார்த்துத் தேறினால், உங்கள் பகுதியில் ஈரக்கழிவை உரக்கிடங்குக்குக் கொண்டுபோகிறார்களா, இந்தப் பையை ஏற்கிறார்களா என்று கேட்டு, கழிவு கட்டப் பயன்படுத்துங்கள். தேறாவிட்டால் பிரிக்காத பைகளை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்து, எந்தப் பொருளால் ஆனது என்று எழுத்தில் கேளுங்கள்.