கோணத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம் போதுமா?

கேள்வி: நாகர்கோவில் கோணத்தில் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், சிட்கோ தொழிற்பேட்டை எல்லாம் இருக்கின்றன. வெளிநாட்டில் சொல்கிற 'புத்தாக்க வட்டாரம்' இங்கே வருமா? பெரிய ஐ.டி. கட்டடம் ஒன்று கட்டினால் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வரும். ஆனால் கட்டடத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மதில் சுவருக்குள் கம்பெனிகளை வைத்தால் அது தொழில்நுட்பப் பூங்கா. திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990-லிருந்து அந்த வகைதான்; நன்றாகவே நடக்கிறது. நீங்கள் கேட்கிற புத்தாக்க வட்டாரம் மதில் இல்லாத ஊர்ப்பகுதி. கல்லூரி, பட்டறை, புத்தொழில் கம்பெனி, வீடு, டீக்கடை எல்லாம் பத்து நிமிட நடைக்குள், ஏறத்தாழ 800 மீட்டருக்குள் அமையவேண்டும். மேப்பில் அப்படி ஒரு வட்டம் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எது இல்லை என்று முதலில் குறியுங்கள்.

அடுத்து, இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்றைப் பிடியுங்கள். ரப்பர் பாலுக்கு விலை வைப்பது அதிலுள்ள உலர் ரப்பர் சதவீதத்தை, அதாவது டி.ஆர்.சி.யை வைத்து. பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் என்ற கருவி அதை உடனே காட்டும், ஆனால் துல்லியம் போதாது. ஆய்வக முறையில் பாலை உறையவைத்து, உலர்த்தி, எடைபோட மணிக்கணக்காகும். இரண்டுக்கும் நடுவில், கொள்முதல் நிலையம் வாங்கிவைக்கக் கட்டுப்படியாகிற விலையில் ஒரு கருவி வந்தால் விவசாயிக்கும் வியாபாரிக்கும் உதவும். மீன்வலை, கயிறு, முந்திரி ஆலைகளிலும் இப்படி என்ன சிக்கல் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிப்பட்ட கருவிகளைச் செய்து பார்க்கப் பொதுப் பட்டறை வேண்டும். தெருவைப் பார்த்த தரைத்தளம், மூன்று ஃபேஸ் மின்சாரம், லேத், கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரம், 3டி பிரிண்டர். இதற்கெல்லாம் பணம் ஒதுக்குவார்கள். டெக்னீஷியன் சம்பளத்தையும் உதிரிபாகத்தையும் மறந்துவிடுவார்கள். பிறகு எந்திரம் உறைபோட்டுக் கிடக்கும். மூன்று வருடச் செலவைச் சேர்த்தே மதிப்பீடு போடுங்கள். மாலை ஐந்துக்குப் பூட்டினால் மாணவர்கள் வரமாட்டார்கள்.

பெரிய வில்லங்கம் வாடகைதான். 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகப் பகுதியில் இப்படி ஒரு புத்தாக்க வட்டாரத்தை ஆரம்பித்தார்கள். வாடகை ஏறி, சிறு கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாமல் போனது. ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் 2000-இல் பழைய ஆலைப் பகுதியான போப்லெநோவில் சுமார் 200 ஹெக்டேரில் '22@' திட்டம் கொண்டுவந்தபோது, கூடுதல் தளம் கட்ட அனுமதி தந்து, பதிலுக்கு நிலத்தில் ஒரு பங்கை மலிவு வீடு, பூங்கா, பொதுப் பயன்பாட்டுக்கு எழுதி வாங்கியது. இங்கேயும் அப்படி ஒரு நிபந்தனையை நிலத்தின் விலை ஏறுமுன்பே போட்டுவிட வேண்டும். ஏறிய பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

இன்னொன்று: நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. உடைந்த ஓடை சிலாப்பை மாற்றி, நடைபாதைக்குக் கூரை போடாவிட்டால் 800 மீட்டர் போவதற்கும் பைக்கைத்தான் எடுப்பார்கள்.